ஒன்பது நொடி

மோன்டெவிடியோவில் ஜூலை மாதம் எலும்பில் இறங்கும்.
நிலவறையில் நுண்ணோக்கியின் கூண்டுக்குள் மட்டும்
எப்போதும் முப்பத்தேழு டிகிரி.
எனக்காக இல்லை,
கண்ணாடித் தட்டில் ஒட்டிக் கிடக்கும்
குரங்குச் சிறுநீரகச் செல்களுக்காக.

மாத்தே குடுவையை வெளியே வைத்துவிட்டுத்தான்
உள்ளே வரவேண்டும்.
குடுவைக்குப் பக்கத்தில், தாழ்வாரத்தில்,
மேல்கோட்டைப் போர்த்தித் தூங்குகிறான் லிசாந்த்ரோ.
இன்றிரவின் துகள் அவன் கட்டியது.
வயலெலியிடமிருந்து தொற்றும் கிருமி ஒன்றின்
சட்டையை மட்டும் எடுத்து
பெருகத் தெரியாத ஒரு கோதுக்கு மாட்டியிருக்கிறான்.
யாருக்கும் காய்ச்சல் வராது.
கதவைத் தட்டும் விதம் மட்டும்
அச்சு அசல்.

அதில் இரண்டு விளக்கு.
சிவப்பு, பவழத்தின் உறவு ஒன்றிடம் கிடைத்தது, பிடிவாதம்.
பச்சை, வடகடல் ஜெல்லிமீனின் சொத்து,
புளிப்புப் பட்டால் முகம் சுண்டிவிடும்.

விளக்கு என்றது தப்பு.
தானாக எரியாத புரதங்கள் இவை.
நீலத்தைக் கடன் கொடுத்தால்
கொஞ்சம் பிடித்துக்கொண்டு
பச்சையாகத் திருப்பித் தரும்,
அதுவும் எண்ணி வைத்த தடவைகள்தான்.
பார்க்கப் பார்க்க வெளுக்கும்.
பார்த்தே அணைத்துவிட முடியும்.

நொடிக்கு ஒரு படமென்றால் பன்னிரண்டு நிமிடம்.
பத்து நொடிக்கு ஒன்றென்றால் இரண்டு மணி நேரம்.
சிக்கனமாக இருந்துகொண்டேன்.

மூன்று மணி ஏழு.
செல் நீட்டிய விரல்நுனியில்
ஒரு மஞ்சள் பொட்டு,
சிவப்பும் பச்சையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த மஞ்சள்.
விரல் வழியே வழுக்கி உள்ளங்கைக்கு வந்தது.
தயங்கியது.
(இந்தச் சொல் அறிக்கையில் வராது.)
இரண்டு விளக்கைச் சுமந்தவனின் நடை
வெறுங்கையோடு வருபவனின் நடையா என்று
லிசாந்த்ரோவுக்கு இரண்டு வருடமாகச் சந்தேகம்.
எனக்கும்தான்.

செல்லின் தோல் குழிந்தது,
வந்ததை அணைத்துக்கொண்டது,
பையாக மூடிக்கொண்டது.
பைக்குள் மெல்ல மெல்லப் புளிப்பேற
பச்சை மங்கி, பச்சை போயிற்று.
சிவப்பு மட்டும்
கருவை நோக்கி, அப்புறம் பின்னால்,
மறுபடி கருவை நோக்கி,
முகவரி தொலைத்த தபால்காரனைப்போல.

இருநூற்றுப் பதினாலாம் படத்தில் சிவப்பு.
இருநூற்றுப் பதினைந்தாம் படத்தில் மஞ்சள்.

பச்சை திரும்பிவிட்டது.
பைக்கும் துகளுக்கும் நடுவே ஓர் ஓட்டை திறந்து
புளிப்பு வெளியேறிவிட்டது.
இதற்காகத்தான் இத்தனை வருடம்,
ஒரு ஜெல்லிமீன், ஒரு பவழம், கடன்வாங்கிய லேசர்.
திறந்தது
நான் ஒளியை மிச்சம்பிடித்த
ஒன்பது நொடி இருட்டில்.

லிசாந்த்ரோவை எழுப்பினேன்.
“திறந்ததைப் பார்த்தீர்களா, நேலி?”
“மூடியிருந்ததைப் பார்த்தேன்.
திறந்திருந்ததைப் பார்த்தேன்.”
கன்னத்தில் கோட்டின் பொத்தான் தடம்.
சிரித்தானா கொட்டாவி விட்டானா, தெரியவில்லை.
வெந்நீர் வைக்கப் போனான்.

அடுத்த தட்டு.
இம்முறை கஞ்சத்தனம் இல்லை, நொடிக்கு ஒன்று.
இன்னொரு செல்லின் விரல்நுனியில்
இன்னொரு மஞ்சள்.
கண்கொட்டாமல் பார்த்தேன்.
அது நகரவில்லை.
ஏழாம் நிமிடம் எலுமிச்சைத் தோல்,
ஒன்பதாம் நிமிடம் பழைய காகிதம்,
பன்னிரண்டில் திரை வெறும் கறுப்பு.

அது எங்கும் போகவில்லை.
அந்த விரல்நுனியில்தான் இருக்கிறது,
விளக்குகள் செத்தாலும் சட்டை கலையாமல்.
சற்று நேரத்தில் வழுக்கும்.
குழிக்குள் விழும், புளிப்புக்குக் காத்திருக்கும்,
திறக்கும்.

தட்டை எடுத்து ப்ளீச்சில் போட்டேன்.
இன்னும் பதினொன்று இருக்கின்றன.